கடலடி வாயு, எரிமலை வாயு: ஐசோடோப்பு எண் எங்கே பொய் சொல்கிறது

வாயு மாதிரி எடுக்கும்போது குப்பியில் அடையாள எண் எழுத மறப்பது, மூடியைச் சரியாக இறுக்காதது எல்லாம் முதல் பயணத்திலேயே சரியாகிவிடும். வாயு எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஐசோடோப்பு எண் (கார்பன்-13க்கும் கார்பன்-12க்கும் உள்ள விகிதம் ஒரு பொதுத் தரத்திலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு, அதாவது எத்தனை ‰, விலகுகிறது என்பது) கைக்கு வந்த பிறகும் கண்ணில் படாத தவறுகள் வேறு. புதிதாக வருபவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் செய்வது அவற்றைத்தான்.

கடல்நீரை உயிரோடு வைப்பது

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது இது. வாயு கசியும் இடத்துக்கு மேலிருந்து நீர் எடுத்து, குப்பியில் அடைத்து, "குளிரறையில்தானே வைத்தேன்" என்பார்கள். ஆழ்கடல் நீரே இரண்டு, நான்கு டிகிரிதான். அங்கே வாழப் பழகிய நுண்ணுயிரிக்கு உங்கள் குளிரறை சொந்த வீடு. ஆக்சிஜன் இருக்கும்வரை குப்பிக்குள் மீத்தேனைத் தின்றுகொண்டே இருக்கும். கார்பன்-12 உள்ள மூலக்கூறு அதற்குக் கொஞ்சம் எளிது என்பதால், மிஞ்சும் மீத்தேனில் கார்பன்-13 பங்கு ஏறிக்கொண்டே போகும்.

எவ்வளவு ஏறும்? நுண்ணுயிரி உண்டாக்கிய மீத்தேன் -65‰ என்று வைத்துக்கொள்வோம். பிரிப்பு (நுண்ணுயிரி கார்பன்-12-ஐ விரும்பித் தின்னும் அளவு) 15‰, ஐந்தில் நான்கு பங்கு தின்னப்பட்டது என்றால் மிச்சம் ஏறத்தாழ -42‰. ஆழத்து வெப்பத்தில் விளைந்த பெட்ரோலிய வாயு இருக்கும் எல்லையே -50 முதல் -25 வரைதான். 2006-இல் ஜாய்டெஸ் ரெசொல்யூஷன் கப்பல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளையிட்டபோது கிடைத்த ஹைட்ரேட் (பனிபோல் உறைந்த நீரில் சிறைப்பட்ட) வாயு பெரும்பாலும் நுண்ணுயிரி மீத்தேன். அப்படிப்பட்ட வாயு கரைந்த நீரை, நுண்ணுயிரியைக் கொல்லும் நஞ்சு சேர்க்காமல் வைத்தால், அடியில் எண்ணெய் வயல் இருப்பதாக எண் சொல்லும்.

மீத்தேன்-ஈத்தேன் விகிதம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். மீத்தேன் குறைந்து ஈத்தேன் பெரும்பாலும் அப்படியே நின்றால் 5,000 இருந்த விகிதம் 1,000 ஆகும். இரண்டு எண்ணும் ஒரே திசையில் நகர்ந்து பெட்ரோலியப் பக்கம் சாயும். ஹைட்ரஜன் ஐசோடோப்பையும் அளந்திருந்தால் மாட்டிக்கொள்ளும். ஆக்சிஜனேற்றத்தில் அது கார்பனைவிடப் பல மடங்கு நகர்ந்து, வழக்கமான எல்லையைத் தாண்டிவிடும்.

செய்ய வேண்டியது: நீர்ச்சேகரிப்பான் மேலே வந்ததும் முதலில் வாயுக் குப்பி, உப்பு அளவெல்லாம் பிறகு. குழாயை 120 மி.லி. குப்பியின் அடிவரை விட்டு, இரண்டு மூன்று குப்பி அளவு நீர் வழிந்தோட விடுங்கள். செறிவூட்டிய மெர்க்குரிக் குளோரைடு 0.1 மி.லி. விட்டு, குமிழி சிக்காமல் பியூட்டைல் ரப்பர் மூடியும் அலுமினிய வளையமும் போட்டு, தலைகீழாக இருட்டில் வையுங்கள். சிலிக்கோன் மூடி வாயுவை விட்டுவிடும். மெர்க்குரி கொடிய நஞ்சு. கையுறை கட்டாயம், கழிவு தனிக் கலனுக்கு.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஜோடி கூடுதலாக எடுத்து, ஒன்றை ஒரு வாரத்துக்குள்ளும் மற்றதைக் கடைசியிலும் அளந்தால், குப்பிக்குள் ஏதாவது நடந்ததா என்று தெரிந்துவிடும். அந்த ஜோடி ஒத்துப்போன பிறகும் எண் கனமாகவே (கார்பன்-13 மிகுந்தே) இருந்தால், அது கடலடி வண்டலிலேயே தின்னப்பட்டு வந்ததா என்று யோசிக்கலாம்.

ஒரே குப்பியில் எல்லாம்

மெர்க்குரிக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடு போட்ட குப்பி மீத்தேனுக்கு மட்டும். கரைந்த கார்பனேட்டுக்கு வேறு குப்பி.

மேற்பரப்பில் குமிழி பிடிப்பது

ஏறும் வழியிலேயே மீத்தேன் கரைந்து, நைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளே புகுந்துவிடும். புனலைக் கடலடியிலேயே வையுங்கள்.

-6‰ என்றதும் "மேன்டில்" என்பது

மேன்டில் (பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள பாறை அடுக்கு) தரும் கார்பன் டை ஆக்சைடு -4 முதல் -8‰ வரை. இன்றைய காற்று -8.5‰ அருகே. எட்னா போன்ற எரிமலையின் புகையை அதன் வாய்ப்பள்ள விளிம்பில் பிடித்தால் பாதி காற்றாகவே இருக்கலாம். செறிவு மாறும் பல மாதிரிகள் எடுத்து, ஐசோடோப்பு எண்ணைச் செறிவின் தலைகீழுக்கு (1/செறிவு) எதிராக வரைந்து, கோடு அச்சை வெட்டும் இடத்தைப் படியுங்கள்.

காற்றை விலக்கினாலும் பொறி தீராது. 0‰ சுண்ணாம்புக் கல் 78 பங்கும், -30‰ கரிம வண்டல் 22 பங்கும் கலந்தால் -6.6‰. மேன்டில் துளிகூட இல்லாமல் மேன்டில் எண்! ஹீலியம்-3 அளவும் கேட்க வேண்டும். நடுக்கடல் முகட்டு வாயுவில் ஒரு ஹீலியம்-3 அணுவுக்கு ஏறத்தாழ 200 கோடி கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள். சுண்ணாம்பும் வண்டலும் சேர்ந்தால் இந்த எண் ஏறும்.

ஹீலியத்துக்குச் சாதாரணக் கண்ணாடி

ஊடுருவும். இரு முனையும் நசுக்கி அடைத்த செப்புக் குழாய் எடுங்கள்.

லேசர் கருவியை அப்படியே நம்புவது

ஐசோடோப்பை லேசர் ஒளியால் அளக்கும் கருவியில், எரிமலை வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் கார்பன்-13 எண் விலகும். உள்ளே விடுமுன் செப்புத் துருவல் நிரப்பிய குழாயில் செலுத்துங்கள். துருவல் கறுத்தால் மாற்றுங்கள்.