அடம்பிடிக்கும் ஏடிவி டயரை வீட்டிலேயே ரிம்மில் உட்கார வைப்பது எப்படி

ஏடிவி (காடு மேடெல்லாம் ஓடும் நாலு சக்கர வண்டி) டயரை லீவரால் நெம்பி ரிம்மில் மாட்டுவது வரை பெரும்பாலும் யாருக்கும் சிக்கல் வராது. அப்புறம் காற்று அடித்தால் அடித்ததெல்லாம் ஓரம் வழியாகப் புஸ்ஸென்று வெளியே போய்விடும், டயர் தொளதொளவென்று கிடக்கும். பலர் சக்கரத்தைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இந்த இடத்தில்தான். இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் பனி உருகி எல்லாரும் வண்டியை வெளியே எடுக்கும் நேரத்தில் கடையில் காத்திருப்பதைவிட இதை வீட்டிலேயே கற்றுக்கொள்வது நல்லது.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பீட் (டயரின் உள்வட்டத்தில் கம்பி ஓடுகிற தடித்த விளிம்பு) ரிம்மில் உட்காருவதற்கு அதிக அழுத்தம் தேவையில்லை. இடைவெளியை அடைக்க வேண்டும், ஒரே மூச்சில் நிறைய காற்று உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். ஏடிவி டயர் அகலமானது, பக்கச் சுவர் மெத்தென்று இருக்கும். குடோனில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டி அனுப்பும்போது இரண்டு பீட்களும் நெருங்கிப் போய்விடும். ரிம்மில் மாட்டியதும் இரண்டு பக்கமும் விரல் நுழையும் அளவு இடைவெளி விழுவது அதனால்தான்.

அதனால் புது டயர் வந்த உடனே கட்டைப் பிரித்து, இரண்டு பீட்களுக்கும் நடுவே மரக்கட்டைத் துண்டுகளைச் செருகி, வெயிலில் ஒரு மதியம் முழுக்கப் போட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

பழைய டயரைக் கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வால்வுக்குள் திருகியிருக்கும் பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க விடுங்கள், பெரிய சி-கிளாம்ப்பால் (திருகி இறுக்கும் சி வடிவப் பிடி) பீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி இறக்குங்கள், லீவரால் எடுத்துவிடுங்கள்.

ரிம்மைச் சுத்தம் செய்வதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பீட் உட்காரும் வளையத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அலுமினிய ரிம்மாக இருந்தால் வெள்ளையாகப் பொடி படிந்து சொரசொரவென்று இருக்கும், அங்கங்கே பழைய ரப்பர் கருப்பாக ஒட்டியிருக்கும். ஸ்காட்ச்-பிரைட் போட்டு விரல் வழுக்கும்வரை தேயுங்கள். இரும்பு ரிம் என்றால் கம்பி பிரஷ். வால்வையும் இப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள், அதன் விலை ஒன்றும் பெரிதில்லை, பிறகு அது ஒன்றுக்காக டயரைத் திரும்பக் கழற்றுவது பெரிய தண்டனை.

மாட்டும்போது ரிம்மின் நடுவே பள்ளமாக ஓடும் பகுதியைக் கவனியுங்கள். அது ஒரு பக்கத்து விளிம்புக்குக் கிட்டத்தில் இருக்கும். அந்தப் பக்கம் மேலே வரும்படி ரிம்மை வைத்து, டயரில் சுழற்சி அம்புக்குறி இருந்தால் திசையைப் பார்த்து, பீட்டில் தாராளமாகச் சோப்புத் தண்ணீர் தடவி மாட்டுங்கள். நீங்கள் லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே பீட் பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும், முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படி இறங்கியிருந்தால் லீவருக்குப் பெரிய பலம் தேவைப்படாது. பலம் போட வேண்டியிருந்தால் எதிர்ப்பக்கம் பீட் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம், நிறுத்திப் பாருங்கள். நீளமான இரண்டு லீவரைவிட குட்டையான மூன்று லீவர் எனக்குப் பிடிக்கும், மூன்றாவது ஒன்று இருந்தால் மாட்டிய இடம் திரும்பக் கழன்று வராது. கிரீஸ், டபிள்யூடி-40 இரண்டையும் ரப்பர் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

இனி அந்தக் கஷ்டமான கட்டம். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ரிம்மைப் படுக்க வையுங்கள். டயர் தன் கனத்தில் கீழே தொங்கும், கீழ் பீட் தானாகவே ரிம்மோடு ஒட்டிக்கொள்ளும், மேல் பீட்டை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும். சாமான் கட்டும் ராட்செட் பட்டையை டயரின் பட்டன்கள் மேல், சரியாக நடுவில் சுற்றி இறுக்குங்கள். நடு அமுங்க அமுங்க பக்கச் சுவர்கள் வெளியே பிதுங்கும், இடைவெளி குறையும். ஒரு பக்கம் பிதுங்காமல் உள்ளே மடிய ஆரம்பித்தால் இறுக்கியது அதிகம், ஒரு பல் தளர்த்துங்கள்.

இரண்டு பீட்டிலும் இன்னொரு தடவை சோப்புத் தண்ணீர். வால்வு பின்னைப் போடாதீர்கள்! அந்தச் சின்னப் பின் இல்லாவிட்டால் காற்று போகும் வேகமே வேறு. கம்ப்ரசர் டேங்க்கை நிரப்பி, வால்வில் கிளிப் மாட்டி, டயரை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காற்றைத் திறந்துவிடுங்கள். கார் சாக்கெட்டில் மாட்டுகிற குட்டி பம்பு இதற்கு உதவாது, டேங்க் உள்ள கம்ப்ரசர்தான் வேண்டும். பீட் பிடித்துக்கொண்டதும் புஸ் சத்தம் நின்று டயர் உப்பத் தொடங்கும். அந்த நொடியே காற்றை நிறுத்திப் பட்டையைத் தளர்த்துங்கள், உப்பும் டயரில் இறுகிய பட்டை ஆபத்து. பிறகு மெதுவாக நிரப்பினால் டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்கும்.

சத்தம் வரவில்லை என்றால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பீட்டை உட்கார வைக்க அதிகபட்சம் எவ்வளவு என்று டயரின் பக்கச் சுவரிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதுதான் எல்லை. 25 அங்குல உயரம், 12 அங்குல ரிம் உள்ள டயரில் 40 பிஎஸ்ஐ ஏற்றினால் ஒரு பக்கச் சுவரின் மேல் மட்டும் 6 டன்னுக்கு மேல் விசை. உங்கள் முகம் அதற்கு நேர் மேலே இருக்கக் கூடாது. காற்றை விட்டு, சோப்பு தடவி, மறுபடி முயலுங்கள். ஈதர் ஸ்பிரே அடித்துத் தீ வைத்து டயரை ஏற்றும் வீடியோக்கள் நிறைய உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எவ்வளவு வாயு உள்ளே போனது என்று அளக்க வழியே இல்லை, வெடிப்பு உங்கள் கையில் இல்லை.

உட்கார்ந்ததா என்று பார்க்க, ரிம்முக்கு ஒட்டினாற்போல டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். ரிம்முக்கும் அதற்கும் இடையே தூரம் எங்கேயும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சரியாக இருந்தால் பின்னைப் போட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு வையுங்கள். ஏடிவிக்கு அது பெரும்பாலும் ஒற்றை இலக்க பிஎஸ்ஐதான். கார் கேஜில் 5 பிஎஸ்ஐயை நம்பிப் படிக்க முடியாது, குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் தனியாக வாங்குங்கள்.

பிற்சேர்க்கை: பட்டை போட்டும் பிடிக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். அப்படியென்றால் அளவுக்கு ஏற்ற டியூப் ஒன்றை உள்ளே போட்டுக் காற்று அடியுங்கள், இரண்டு பீட்டும் உட்கார்ந்துவிடும். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் இறக்கி டியூபை உருவிவிடுங்கள். மிச்சம் ஒரு பீட்தான், அது பட்டைக்கு அடங்கிவிடும்.

இன்னொன்று: குளிர்காலத்தில் கராஜில் இதைச் செய்பவர்கள் டயரை முந்தின நாள் இரவே வீட்டுக்குள் கொண்டு வந்து வையுங்கள். விறைத்த ரப்பரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.