பை ஊஞ்சலாடுகிறது, குத்து எங்கே?

குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் போன வாரம் ஹெவி பேக்கை (தொங்கவிட்ட கனமான பையை) மாறி மாறி வெளுத்துக்கொண்டிருந்தார்கள். யார் குத்தினால் பை அதிக தூரம் போகிறது என்று போட்டி. பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, குத்துக்கு ஒரு உறுமல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஒரு காலத்தில் இதே போட்டியில் ஜெயித்தவன்தான். ஜெயித்ததாலேயே இரண்டு வருடப் பயிற்சியைப் பாழாக்கினேன்.

கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்காதே, கண்ணை மூடாதே, மூச்சை அடக்காதே என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். மாதக்கணக்கில் பழகிய பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கும் சில தவறுகள் உண்டு.

கையை மட்டும் நம்புவது

பின்கை நேர்க்குத்து, அதாவது பின்னால் வைத்திருக்கும் கையால் நேராக விடும் குத்து, காலில் தொடங்குகிறது. பின்னங்கால் தரையை உதைக்க, குதிகால் எழும்பித் திரும்ப, இடுப்பு சுழல, தோள் அதைத் தொடர, கடைசியாகத்தான் கை கிளம்புகிறது. சோவியத் குத்துச்சண்டை வீரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1985-இல் வெளியானது. தேர்ந்த வீரர்களின் குத்தில் காலின் பங்கு சுமார் 38 சதவீதம், கையின் பங்கு 24. கீழ்நிலை வீரர்களிடம் காலுக்கு வெறும் 16.5, கைக்கு 38.

இதைக் கேட்டதும் எல்லோரும் பாதத்தைத் திருப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். குத்து போய் விழுந்த பிறகு திருப்புகிறார்கள்! அது அலங்காரம்.

முழு பலத்தையும் போட்டுக் குத்துவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் எனக்கு இது தவறு என்றே தெரியாமல் இருந்தது. பை கூரையைத் தொடுகிற மாதிரி ஆடும். சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். ஒருநாள் கோச் பக்கத்தில் வந்து, "தம்பி, நீ குத்தல, கதவைத் தள்ளுற" என்றார். என்னைப் பைக்குப் பின்னால் தோள் கொடுத்து நிற்கச் சொல்லிவிட்டு, சும்மா நின்ற வாக்கில் ஒரு வலது விட்டார். பை அசையவே இல்லை. 'டப்' என்று நடுவில் மடிந்தது. எனக்கு விலா எலும்பு வரைக்கும் இறங்கியது.

கையை நீட்டுவது மேற்கையின் பின்பக்கத் தசை. மடக்குவது முன்பக்கத் தசை. முதலிலிருந்தே முஷ்டியையும் தோளையும் முறுக்கி வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து இறுகும். நீட்டுகிற கையை நாமே பின்னால் இழுத்துப் பிடிக்கிறோம். வேகம் போய்விடும். வேகம் போன முஷ்டி பையோடு ஒட்டிக்கொண்டு நெடுநேரம் தள்ளும், பை ஆடும். அதே உந்தத்தை நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் இறக்கினால்தான் அது அடி.

அதற்காகக் கையைத் துணி மாதிரி தளர்த்திப் போட்டாலும் பயனில்லை. முஷ்டி படுகிற அந்தக் கணத்தில் மணிக்கட்டு, முழங்கை, தோள், வயிறு எல்லாம் ஒரே கம்பியாக இறுக வேண்டும். இல்லாவிட்டால் உடம்பின் எடை முஷ்டிக்கு வந்து சேராது. முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் தேர்ந்த கலப்புச் சண்டை வீரர்களின் தசைகளை அளந்து 2010-இல் வெளியிட்டது இதைத்தான்: கிளம்பும்போது ஓர் இறுக்கம், நடுவே தளர்வு, படும்போது மறுபடி இறுக்கம். கராத்தேக்காரர்கள் கடைசி இறுக்கத்தைக் 'கிமே' என்பார்கள். புதியவர்கள் நடுவே இருக்கும் தளர்வைத்தான் தொலைக்கிறார்கள்.

நான் கொடுத்த விலை? இரண்டாவது ரவுண்டிலேயே கை ஈயமாகிவிடும். அதைவிட மோசம், முறுக்குகிறவனுக்குக் குத்துவதற்கு முன்பே தோள் எழும்பும், முஷ்டி பின்னால் போகும். எதிரில் நிற்பவனுக்கு அது தபால் போட்ட மாதிரி. தாடை நுனியில் அடி விழும்போது தலை சட்டென்று திரும்பி மூளை குலுங்குவதுதான் பெரும்பாலான நாக் அவுட். குத்து வருவதைப் பார்த்தவன் கழுத்தை இறுக்கிக்கொள்வான், தலை அவ்வளவாகத் திரும்பாது. பார்க்காதவன்தான் விழுவான். 1994 நவம்பரில் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மன், புள்ளியில் பின்தங்கி, 10-வது ரவுண்டில் ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் மூரரைச் சாய்த்தது ஓங்கி அடித்த குத்தால் அல்ல. ஜாபுக்குப் (முன்கையால் விடும் நேர்க்குத்துக்கு) பின்னால் குட்டையாகப் போன ஒரு வலது.

சரிசெய்ய எனக்கு உதவியது ஒன்றுதான்: பாதி பலம். முஷ்டியை அரைகுறையாக மூடிக் குத்தை விட்டு, படுவதற்குச் சற்று முன் முழுதாக மூட வேண்டும், போன வேகத்திலேயே திரும்ப இழுக்க வேண்டும். காதை நம்புங்கள். பை ஊஞ்சலாடினால் அந்தக் குத்து கணக்கில் இல்லை. என் சத்தம் மாற நான்கு மாதம் ஆனது, அதுவரை கை வலுவிழந்துவிட்டதாகவே தோன்றிக்கொண்டிருந்தது.

தூரம்

முழங்கை முழுக்க நீண்ட பிறகு பட்டால் அது வெறும் தொடுதல். பையின் தோலுக்கு நாலு விரல் உள்ளே குறிவையுங்கள்.

மணிக்கட்டு

நேராக. கையில் சுற்றும் துணி அதற்கு மாற்று அல்ல.

சுண்டுவிரல் முட்டியில் இறங்குவது

ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் படவேண்டும். பக்கவாட்டில் வீசி அடிக்கும் ஹுக்கில் சுண்டுவிரல் பக்கம் பட்டு அங்கிருக்கும் மெல்லிய எலும்பு முறிவது மிகச் சாதாரணம். என் வலது கையில் அந்த முட்டி இன்னும் உள்ளே அமுங்கித்தான் இருக்கிறது.

எடை தூக்கினால் போதும் என்பது

போதாது.

ஸ்பாரிங்கில் (ஆளோடு ஆள் மோதிப் பழகுவதில்) பலம் பார்ப்பது

பையில் சத்தம் வர ஆரம்பித்த மறுநாளே அதை ஒருவர் தாடையில் சோதிக்கிற ஆசை வரும். தலைக்கவசம் இருக்கிறதே என்று சமாதானம் வேறு. அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் மோதினார்கள். ஸ்பாரிங்கில் தலைக்குப் போகும் குத்து தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். யாருக்காவது தலை கனத்தாலோ, கண் மங்கினாலோ, அடுத்த ரவுண்டு கிடையாது, டாக்டர் சரி என்று சொல்லும்வரை.