பழைய ஆல்பத்தைக் கேட்டுக் கருத்துச் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

கேசட் காலத்தில் வளர்ந்த நமக்கு ஆல்பம் என்ற வடிவம் அவ்வளவு பழக்கமில்லை. ரெக்கார்டிங் சென்டரில் ஒரு காலி கேசட்டையும், வெள்ளைத்தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வருவோம். பத்துப் படத்திலிருந்து பன்னிரண்டு பாட்டு. பக்கம் தீரும்போது கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்து நிற்கும். அந்த அறுந்த இடத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருப்போம். தனிப்பாட்டு கேட்பதில் நாம் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அதே காதோடு 1950களிலிருந்து 70கள் வரை வந்த மேல்நாட்டு ஆல்பங்களுக்குள் நுழைந்து, "நாலு பாட்டு தேறும், மத்ததெல்லாம் சுமார்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நானும் நிறைய எழுதியிருக்கிறேன். அவற்றில் முக்கால்வாசி, நான் கேட்டது எது என்றே தெரியாமல் எழுதியவை.

வரிசையைக் கலைப்பது

எல்.பி. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து நிமிடம். கேட்பவர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டாக வேண்டும். இது தெரிந்தேதான் பாட்டுகளை அடுக்கினார்கள். பிரிட்டன் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' (1973) இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே முடிகிறது. முதல் பக்கத்தின் கடைசியில் ஒரு பெண்குரல் சொல்லே இல்லாமல் கதறி, மெல்ல அடங்குகிறது. தட்டைத் திருப்பினால் சில்லறை குலுங்கும் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும். சாவு வீட்டிலிருந்து நேராகக் கடைத்தெருவுக்கு வந்ததுபோல் இருக்கும்.

நான் இதை முதலில் கேட்டது ஓர் இலவசச் செயலியில். முதல் தடவை அது பாட்டுகளைத் தன் இஷ்டத்துக்குக் கலக்கிப் போட்டது. அடுத்த தடவை வரிசை சரியாக வந்தது. ஆனால் மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லாமல் ஒட்டியிருக்கும் கடைசி இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் தனிநபர் கடன் விளம்பரம். 'கோர்வையே இல்லாத ஆல்பம்' என்று அன்றைக்கே நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். அவன் இன்னும் அதை அழிக்காமல் வைத்திருக்கிறான்.

எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் பேசுவது

பெரிய சண்டைகளெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' 1965 டிசம்பரில் வந்தபோது பிரிட்டன் தட்டில் 14 பாட்டுகள். அமெரிக்காவில் கேப்பிடல் நிறுவனம் நாலை எடுத்துவிட்டு, வேறு இரண்டைச் சேர்த்து, 12 பாட்டாக வெளியிட்டது. 'டிரைவ் மை கார்' என்ற முறுக்கான தொடக்கம் அங்கே இல்லை. கிதார் சலசலக்கும் 'ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்' முதல் பாட்டாகிவிட்டது. ஆல்பத்தின் குணமே மாறி, நாட்டுப்புற வாசம் தூக்கலாகிவிட்டது. அமெரிக்க இசைக்குழுவான பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் கேட்டுச் சொக்கிப்போய் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) செய்யக் கிளம்பியது இந்த அமெரிக்கத் தட்டைக் கேட்டுத்தான். பிரிட்டன் வரிசையைக் கேட்டுவிட்டு "இதில் அந்த மனுஷனுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்பது, வேறு வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி.

'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' (1967) ஆல்பத்திலும் இதே கதைதான். பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து கவனித்து, குரலையும் வாத்தியங்களையும் கலந்து முடித்தது மோனோ பதிப்பு, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வருவது. இடம், வலம் என்று பிரிந்து ஒலிக்கும் ஸ்டீரியோ பின்னால் அவசரமாக முடிந்த வேலை. 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' மோனோவில் சற்று வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலிக்கும்.

இந்தப் பாடத்தை எனக்கு அடித்துச் சொன்னது ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959). திருச்சியில் இசைத்தட்டு சேர்க்கும் ஓர் அண்ணன் வீட்டில் பழைய பிரஸ்ஸிங், அதாவது அந்தக் காலத்தில் அச்சான தட்டு, ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாட்டு 'ஸோ வாட்'. அவருடைய மகளின் கீபோர்டு பக்கத்திலேயே இருந்ததால் சும்மா கூடவே வாசித்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. இரண்டு கட்டைச் சுருதியை அழுத்தினால் பாட்டு அதற்கு மேலே நிற்கிறது. இரண்டரைக் கட்டையை அழுத்தினால் கீழே நிற்கிறது.

"பெல்ட்டு மாத்துனதுலேர்ந்து ஸ்பீடு ஏறிக்கெடக்கு தம்பி," என்றார் அண்ணன், தட்டைச் சுழற்றும் பெல்ட்டைச் சொல்லி. சரி என்று தட்டைத் திருப்பிப் போட்டோம். 'ஆல் ப்ளூஸ்' ஐந்து கட்டையில் கனகச்சிதமாக உட்கார்ந்தது. பெல்ட் பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. முதல் பக்கத்து மூன்று பாட்டுகளும் 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியாவின் ஸ்டுடியோவில் பதிவானவை. அன்றைக்கு முதன்மை நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும்? இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 பதிவு, அதில் கோளாறு இல்லை. 1992 மறுவெளியீட்டில்தான் இதைத் திருத்தினார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாக உலகமே அரைக்கட்டையில் பாதி ஏறிய 'ஸோ வாட்'டைக் கேட்டிருக்கிறது.

இதே ஆல்பத்தைக் கேட்ட இன்னொருவர், "கடைசிப் பாட்டையே இரண்டு தடவை வாசித்து இழுக்கிறார்கள்" என்று குறைப்பட்டார். 1997 குறுந்தட்டில் 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' பாட்டின் மாற்றுப் பதிவை இலவச இணைப்பாகச் சேர்த்திருந்தார்கள். அதை ஆல்பத்தின் முடிவு என்று நினைத்துவிட்டார். 'டீலக்ஸ்' என்று போட்டிருந்தால் முதல் வேலையாக, உண்மையான ஆல்பம் எந்தப் பாட்டோடு முடிகிறது என்று பார்த்து அங்கே நிறுத்திவிடுங்கள்.

சொல்லைக் காதில் வாங்காமல் விடுவது

ஆங்கிலப் பாட்டில் மெட்டு மட்டும் போதும் என்று இருந்துவிடுகிறோம். பல ஆல்பங்களுக்கு அது போதும். அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) ஆல்பத்துக்குப் போதாது. நண்பர்கள் கூடிய வீட்டில் குசலம் விசாரிக்கிற பேச்சுச் சத்தத்தோடு அது தொடங்குகிறது (அந்தக் குரல்களில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் இருவரும் உண்டு). மேலோட்டமாகக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு ஏற்ற சுகமான இசை. ஆனால் பாடுகிறவன் வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்பியவன். மார்வினின் தம்பி அங்கே போய் வந்தவர். 'மெர்சி மெர்சி மீ' காதல் பாட்டு மாதிரி குழைகிறது. வரிகளைப் படித்தால் கடலில் எண்ணெய், மீனில் பாதரசம். குரல் அப்படிக் குழைவதால்தான் சொல்லின் கசப்பு உறைக்கிறது. வரிகளைப் படிக்காமல் "இனிமை" என்று எழுதினால் பாதி ஆல்பத்துக்குத்தான் கருத்து எழுதியதாக ஆகும்.

பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்பது

அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோனின் 500 தலைசிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2003-லும் 2012-லும் முதலிடம் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்'. 2020-ல் அது 24-ஆம் இடம். முதலிடம் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. தட்டு மாறவில்லை, ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்கள். பட்டியல் எதைக் கேட்கலாம் என்று தேட உதவும், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயந்து தலையாட்டுவதும், "இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்று வேண்டுமென்றே முறைத்துக்கொள்வதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. இரண்டிலும் ஆல்பத்தைக் காணோம்.

நம்ம ஊர் தராசு

'ஸோ வாட்'டின் சுரங்களை எழுதிப் பார்த்தால் நம் கரகரப்பிரியா ராகம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. திருச்சி அண்ணனுக்கு உடனே போன் போட்டேன்.

"கமகம் எங்க தம்பி?" என்றார், சுரத்தை அசைத்து வளைக்கும் நம் வழக்கத்தைச் சொல்லி.

அதோடு விடவில்லை. பதினாறு தாளவட்டம் போனதும் மொத்தமும் அரைக்கட்டை மேலே ஏறி, எட்டு வட்டம் கழித்துப் பழைய இடத்துக்கு இறங்குவதைச் சுட்டிக்காட்டினார். நம் கச்சேரியில் தம்புரா நடுவில் அரைக்கட்டை ஏறினால் சபை எழுந்து கேண்டீனுக்குப் போய்விடும். இங்கே அந்த ஏற்றம்தான் பாட்டின் சுவாரசியமே. உள்ளே நுழைய நம் ராகம் கை கொடுக்கும். நுழைந்த பிறகு அந்த வீட்டு வழக்கப்படிதான் பார்க்க வேண்டும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) ஆல்பத்தில் 'டோன்ட் கம்பேர்' என்றே ஒரு உருப்படி இருக்கிறது. தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சொன்ன மாதிரியே இருக்கும்.

பெயரடையும் மார்க்கும்

"மெய்சிலிர்த்தது", "வேற லெவல்", பத்துக்கு ஏழரை. இவற்றை எந்த ஆல்பத்தின்மேல் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். ஒரே தடவை கேட்டுவிட்டு மார்க் போடுவது அதைவிட மோசம். ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' (1972) வந்ததும் சாடிய விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ், சில மாதங்களிலேயே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். தினம் ஒரு ஆல்பம் என்று சபதம் எடுப்பவர்களுக்கு அந்தச் சில மாதங்கள் கிடைப்பதே இல்லை. வாரம் ஒன்று, குறைந்தது மூன்று தடவை என்பது என் கணக்கு.

எழுதும்போது ஒரே ஒரு இடத்தையாவது விரல் வைத்துக் காட்டிவிட்டால் மற்றதை வாசிப்பவரே கேட்டுக்கொள்வார். போன மாதம் அண்ணனுக்கு இப்படி அனுப்பினேன்: "ஸோ வாட். முதலில் பேஸ் கேள்வி கேட்கிறது, மற்ற வாத்தியங்கள் இரண்டே தட்டில் பதில் சொல்கின்றன. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் மைல்ஸ் உள்ளே வரும்போது டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஒரு அடி போடுகிறார். கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது. அது அடங்குகிற வரைக்கும் டிரம்பெட் அதன் மேலேயே மிதக்கிறது. அந்த நாலு விநாடிக்காகத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன்."

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "எந்த பிரஸ்ஸிங் தம்பி?"