பூனைப் பார்வோ: குட்டியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற கார்த்திகையில் ஒரு மாலைப்பொழுது, கோண்டாவில் பக்கத்துத் தம்பி ஒருவர் பிஸ்கட் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி மழையில் நனைந்துகொண்டு எங்கள் படலையடியில் வந்து நின்றார். பெட்டிக்குள் பழைய சாரத் துண்டின் மேல் மூன்று மாதக் குட்டி ஒன்று படுத்திருந்தது. அதன் கண்ணின் உட்சவ்வு பாதிக் கண் வரை ஏறியிருந்தது. தாடையின் கீழ் மயிர் மஞ்சள் நுரையில் ஒட்டிக் காய்ந்திருந்தது. "அன்ரி, ஆரோ நஞ்சு வைச்சிட்டினம். காலமை தேங்காய்ப்பால் பருக்கினனான், எல்லாத்தையும் சத்தி எடுத்திட்டுது" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இதே விறாந்தையில் நின்று நானும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மிருக வைத்தியம் படித்தவள் இல்லை. தெருவில் விடப்பட்ட குட்டிகளை எடுத்து வளர்த்து, வீடு தேடிக் கொடுப்பவள். இந்த நோயோடு போராடிய குட்டிகள் நாற்பதுக்கு மேல் என் கையால் கடந்து போயிருக்கின்றன. அவற்றுள் நோயின் கடுமையால் இறந்தவை பல. எங்கள் தவறால் இறந்தவையும் உண்டு. இங்கே பேசப்போவது இரண்டாவது வகையைப் பற்றியே.

நோயின் பெயர் பான்லியுகோபீனியா. நம்மிடையே பூனைப் பார்வோ என்கிறோம். வேகமாகப் பிரிந்து பெருகும் கலங்களைத்தான் இந்த வைரஸ் தேடிப் போய்த் தாக்கும். குடலின் உட்சுவரும் எலும்பு மச்சையும் அத்தகைய கலங்கள் நிறைந்த இடங்கள் என்பதால், ஒருபுறம் குடல் சிதைந்து வாந்தியும் கழிச்சலும் தொடங்க, மறுபுறம் வெண்குருதிக் கலங்கள் அற்றுப்போகின்றன. சிதைந்த குடல் வழியாகக் கிருமிகள் இரத்தத்துள் இறங்கும்போது அவற்றை எதிர்க்க உடம்பில் படை இருப்பதில்லை. வைரஸை நேரே கொல்லும் மருந்து வழக்கத்தில் இல்லை. சேலைன், சத்தியை நிறுத்தும் ஊசி, கிருமித் தொற்றுக்கு அன்டிபயோட்டிக், சூடு, உணவு ஆகியவற்றால் குட்டியைத் தாங்கிப் பிடித்தால், அதன் உடம்பே வைரஸை வெல்ல வேண்டும். முதல் ஐந்து நாட்களைக் கடந்த குட்டி பெரும்பாலும் பிழைத்துவிடும்.

நஞ்சு என்று முடிவெடுப்பது

எல்லாத் தவறுகளிலும் எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுவது இதுதான். மற்றத் தவறுகள் ஒரு குட்டியைக் கொல்லும். இது வீட்டிலுள்ள எல்லாக் குட்டிகளையும் கொல்லும்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் நான்கு குட்டிகள் இருந்தன. மார்கழி மாதம். மாலையில் பனையோலைப் பெட்டிக்குள் ஏறி விழுந்து விளையாடிய சிவலைக் குட்டி, விடியற்காலையில் கிணற்றடி வாளியின் அருகே விறைத்துக் கிடந்தது. கழிச்சல் இல்லை, காயம் இல்லை. முதல் நாள் முழுக்க நன்றாக இருந்த உயிர் ஓர் இரவுக்குள் போய்விட்டதென்றால் நஞ்சைத் தவிர வேறு எதுவாக இருக்கும் என்றே நினைத்தேன். பக்கத்து வளவில் கோழி வளர்க்கும் அம்மா ஒருவர் இருந்தார். எங்கள் குட்டிகள் அவருடைய குஞ்சுகளைத் துரத்தியது பற்றி முந்தைய கிழமைதான் சொல்லியிருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. வேலிக்கு இப்பால் நின்று சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். "பிள்ளை, வாயில்லாச் சீவனுக்கு நான் அப்பிடிச் செய்வனே?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அன்றும் மறுநாளும் வேலியோரம், மதில் மூலை, வாழையடி எங்கும் நஞ்சு கலந்த சோற்றையோ மீன் துண்டையோ தேடித் திரிந்தேன். அந்த இரண்டு நாளும் என் குசினி வாசலில் இரண்டாவது குட்டி தண்ணீர்க் கோப்பையின் முன்னால் குந்தி, தலையைத் தண்ணீருக்கு மேலே தொங்கப் போட்டபடி, ஒரு மிடறும் குடிக்காமல் இருந்தது. தாகம் இருந்தும் குமட்டலால் குடிக்க முடியாத அந்த இருப்பு பூனைப் பார்வோவில் அடிக்கடி காணப்படும் அடையாளம் என்பது எனக்கு அப்போது தெரியாது. நஞ்சை முறிக்கிறேன் என்று அதற்கு முட்டை வெள்ளைக்கருவும் மூன்றாவதற்குத் தேங்காய்ப்பாலும் பருக்கினேன். இரண்டாவது அன்றிரவே இறந்தது. மூன்றாவதற்குப் பால் சுவாசப்பைக்குள் இறங்கியதில் மூச்சு கரகரவென்று இழுத்து, மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தது. நான்காவதை மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றபோது, அவர் நாய்ப் பார்வோவுக்குரிய சோதனைக் கிட்டில் அதன் மலத்தைக் கரைத்து மூன்று துளி விட்டார். சற்று நேரத்தில் அழுத்தமாக ஒரு கோடும் அதன் அருகே வெளிறிய இன்னொரு கோடும் எழுந்து வந்தன. 1978 அளவில் உலகெங்கும் நாய்களிடையே பரவிய பார்வோ வைரஸ் இந்தப் பூனை வைரஸின் நெருங்கிய உறவு என்பதால் அந்தக் கிட் இதையும் காட்டிக்கொடுக்கும் என்று அவர்தான் விளக்கினார். பத்து நாள் கழித்து, எங்கள் வளவுக்குள் வந்து போன அந்தக் கோழிக்கார அம்மாவின் பூனையும் இறந்தது. நோயை அவர் வீட்டுக்கு அனுப்பியது என் வளவு. மன்னிப்புக் கேட்டேன், அவர் வேலிக்கு மேலால் முன்போல் பேசத் தொடங்க இரண்டு வருடம் ஆனது.

மிகக் கடுமையாகத் தாக்கும்போது இந்நோய், கழிச்சல் தொடங்குமுன்னரே, பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் குட்டியைக் கொன்றுவிடும். அதனால்தான் நஞ்சு போலத் தோன்றுகிறது. ஆயினும் கூர்ந்து பார்த்தால் வேறுபாடுகள் உண்டு. தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து பட்ட பூனைக்குப் பெரும்பாலும் வாயிலிருந்து எச்சில் கயிறாக வடியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசைகள் துடிக்கும், வலிப்பு வரும். எல்லாம் குறுகிய நேரத்துக்குள் நடக்கும். பார்வோக் குட்டி முதலில் சோர்ந்து, உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பி, ஒதுக்குப்புறமாகப் போய்ப் படுக்கும்; காய்ச்சல் அடிக்கும்; பிறகு மஞ்சள் நுரையாகச் சத்தி எடுக்கும். இவற்றை நான் எழுதுவது வீட்டில் இருந்து தீர்மானிப்பதற்காக அல்ல. நஞ்சானாலும் பார்வோவானாலும் செய்யவேண்டியது ஒன்றே: அந்த மணித்தியாலத்திலேயே மிருக வைத்தியரிடம் கொண்டு போவது. தேங்காய்ப்பால் இரண்டையும் முறிப்பதில்லை.

நஞ்சு என்று நம்புகிறவர் மற்றக் குட்டிகளைப் பிரித்து வைப்பதில்லை, பாத்திரங்களைக் கழுவுவதில்லை, செத்த குட்டி கிடந்த சாக்கிலேயே அடுத்ததைப் படுக்க வைக்கிறார். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். ஆகவே தடுப்பூசி போடாத குட்டி ஒன்று திடீரென்று இறந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதைப் பார்வோ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தி எடுக்கும் குட்டிக்கு வாயால் ஊற்றுவது

ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல், இளநீர், கஞ்சித்தண்ணி எதுவானாலும் சத்தி நிற்காதவரை வயிற்றில் தங்காது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே வரும். தலையை நிமிர்த்திப் பிடித்து ஊற்றினால் சோர்ந்த குட்டி விழுங்காது. சுவாசக் குழாய்க்குள் போகும். இந்நிலையில் நீர் ஏற்றவேண்டிய வழி நரம்பு, அதாவது இரத்த நாளம். அது இயலாவிட்டால் வைத்தியர் தீர்மானித்துத் தோலின் கீழ் ஏற்றுவார்.

பனடோல்

காய்ச்சலுக்கு நாம் போடும் இந்தக் குளிசையைக் கொடுக்கவே கூடாது. அரைக் குளிசை ஒரு குட்டியைக் கொல்லப் போதும்.

குளிர்ந்துபோன குட்டிக்கு உணவூட்டுவது

பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 இலிருந்து 39 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் வரை. நோயின் தொடக்கத்தில் அது 40 ஐத் தாண்டும். பின்னர் காய்ச்சல் இறங்குவதைக் கண்டு ஆறுதல் அடைகிறோம். ஆனால் இயல்பு நிலைக்கும் கீழே இறங்கினால் அது குணமல்ல, ஆபத்து. காது நுனியும் பாதமும் குளிர்ந்திருக்கும்; வாய்க்குள் விரல் வைத்தால் அங்கும் சூடு இருக்காது. அந்த நிலையில் குடல் வேலை செய்யாது, ஊட்டிய உணவு அப்படியே கிடந்து புளிக்கும். முதலில் சூடு கொடுங்கள். சுடுதண்ணி நிரப்பிய போத்தலை இரண்டு மடிப்புத் துவாயால் சுற்றி, குட்டி வேண்டாமென்றால் விலகிப் படுக்க இடம் விட்டு, அருகே வையுங்கள். சுற்றாத போத்தல் சுட்டுப் புண்ணாக்கியதையும் பார்த்திருக்கிறேன்.

சத்தி நின்ற பின் உணவைத் தாமதிப்பதும் தவறு. குடலைக் காயப்போட்டால் புண் ஆறும் என்ற பழைய எண்ணத்தைக் கைவிடவேண்டும். சிறிது சிறிதாக உணவு பட்டால்தான் குடற்சுவர் விரைவில் திரும்ப வளரும். மாட்டுப்பால் வேண்டாம். முள் நீக்கி அவித்த சூடை மீனையோ கோழி இறைச்சியையோ, வெங்காயமும் உப்பும் சேர்க்காமல், இளஞ்சூட்டில் மசித்து மூக்கின் அருகே பிடியுங்கள். கோண்டாவில் தம்பியின் குட்டி ஐந்தாம் நாள் காலையில் என் விரல் நுனியில் இருந்த சூடையை முதலில் முகர்ந்தது, பிறகு நாக்கின் நுனியால் தொட்டது, பிறகு விரலையே கடித்தது. அந்தக் கடியின் மகிழ்ச்சியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் சேலைனோடு நிறுத்துவது

முதல் நாள் சேலைன் ஏற்றியதும் குட்டி தலை தூக்கிப் பார்க்கும். வீட்டுக்காரர் "சுகமாயிட்டுது" என்று மறுநாள் போகமாட்டார். வைரஸ் தன் வேலையை முடிக்கவில்லை. கழிச்சலில் நீரும் உப்புக்களும் வெளியேறியபடியே இருக்கின்றன. வைத்தியர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும் போகவேண்டும். சேலைன் ஏற்ற நரம்பில் குத்திய கனூலா என்ற சிறு குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால், கட்டுக்குக் கீழே உள்ள பாதத்தை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது மறு பாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது வீங்கி விரல்கள் அகன்று நின்றால், கட்டு இறுகிவிட்டது அல்லது ஊசி நரம்பை விட்டு விலகிவிட்டது. இரண்டுக்கும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

கிட்டில் ஒரு கோடு

ஒரே கோடு வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. இரத்தத்தில் வெண்குருதிக் கலங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெட்டோல் போட்டுக் கழுவுவது

இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லை. ஆகவே சவர்க்காரமும் ஸ்பிரிட்டும் டெட்டோலும் அதை உடைப்பதில்லை. வீட்டுக்குள் அது ஒரு வருடம் வரை உயிர்ப்போடு கிடக்கக்கூடும். தண்ணீரில் விட்டதும் பால்போல வெள்ளையாகும் கிருமிநாசினிகளைப் பூனை பாதத்தில் ஒட்டி நக்கினால் அதற்கே நஞ்சாகிவிடும். வேலை செய்வது குளோரின்தான். கிணற்றுக்குக் குளோரின் போட்டுப் பழகிய ஊரில் இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டி வருவது எனக்கு வியப்பு. துணி வெளுக்கும் குளோரின் திரவம் 30 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் தண்ணீரில் அன்றன்று கலந்து, முதலில் மலத்தையும் சத்தியையும் முற்றாகக் கழுவித் துடைத்த தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விட்டு, பின் நல்ல தண்ணீரால் அலசுங்கள். அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடு போராடியே வலுவிழந்துவிடும். கழிவறை கழுவும் அமிலத்தோடு கலக்காதீர்கள். எழும் வாயு உங்களுக்கே கேடு. சாக்கு, பாய், மட்பாத்திரம் ஆகியவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். உங்கள் செருப்பையும் மறக்காதீர்கள். பல வீடுகளுக்கு நோய் செருப்பில்தான் நடந்து வருகிறது.

"ஊசி போட்டாச்சு"

எந்த ஊசி என்று கேட்டால் விசர்நோய்த் தடுப்பூசி என்பார்கள். அது இன்றியமையாதது, ஆனால் பார்வோவைத் தடுக்காது. அதற்கான கூட்டுத் தடுப்பூசி வேறு: ஆறு முதல் எட்டுக் கிழமை வயதில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு கிழமை ஆகும்வரை போடப்படுவது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்யாமல் தடுத்துவிடலாம் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்தியவர்களின் குட்டிகளை நான் புதைத்திருக்கிறேன். சினைப்பூனைக்கும் நான்கு கிழமைக்குக் குறைந்த குட்டிக்கும் உயிருள்ள வைரஸ் தடுப்பூசி ஆகாது. வளரும் குட்டியின் சிறுமூளையை அது பாதித்துவிடக்கூடும்.

உடனே புதிய குட்டி எடுப்பது

அழும் பிள்ளையை ஆற்றுவதற்காக ஒரு கிழமைக்குள் அடுத்த குட்டியைக் கொண்டு வருகிறார்கள். அதுவும் அதே தரையில் விழுந்து சாகிறது. சீமெந்துத் தரையைக் குளோரினால் கழுவலாம், வளவு மண்ணைக் கழுவ முடியாது. பிழைத்த குட்டியும் ஆறு கிழமை வரை மலத்தில் வைரஸை வெளியேற்றக்கூடும். அந்த வீட்டுக்குள் வரவேண்டியது ஊசிகளை முடித்த பூனை மட்டுமே.

தம்பியின் குட்டி இப்போது மதிலில் ஏறித் திரிகிறது. அதற்குத் துணையாக இன்னொன்று வேண்டுமென்று அவருடைய தங்கை தைப்பொங்கலன்று வந்து கேட்டார். எங்களிடம் உள்ள சாம்பல் குட்டிக்குப் பதினாறு கிழமை ஊசி மாசி நடுப்பகுதியில். அதன் பிறகு இரண்டு கிழமை கழித்து, பெட்டியோடு வந்து எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.