தலையாட்டி பொம்மையும் தொம்பையும்: பிள்ளைகள் கையாலேயே முடிக்கக்கூடிய ஆர்ட் ப்ராஜெக்ட்

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் பிள்ளைக்கு ஞாபகம் வரும், "அம்மா, நாளைக்கு ஆர்ட் ப்ராஜெக்ட் கொண்டுபோகணும்" என்று. உடனே கடைக்கு ஓட்டம், தெர்மாகோல், சார்ட், ஜிகினாத் தாள். பிள்ளை தூங்கிவிடும், அம்மா உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பார், மறுநாள் அம்மாவின் கைவேலைக்கு டீச்சர் 'வெரி குட்' போடுவார். யாருக்கு என்ன லாபம்?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கடைச் சாமான் எதுவுமே தேவையில்லை. களிமண், உமி, வாழை மட்டை, தென்னங்கீற்று எல்லாம் காசில்லாமல் கிடைக்கிற ஊர் இது. எந்த ப்ராஜெக்ட் எடுத்தாலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பிள்ளையே செய்ய முடியுமா? கத்தி, அடுப்பு இரண்டுக்கும் மட்டும் பெரியவர் கை கொடுக்கலாம். மற்றதில் கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

முதலில் மண். கோடை விடுமுறைதான் இதற்கு நல்ல நேரம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், அதற்கு முன்னால் வாய்க்காலும் குளமும் வற்றி, அடியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்தப் பாளத்தில் நாலைந்து எடுத்து வந்து, உடைத்து, ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் கரைத்துப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் கல்லும் வேரும் மேலே நின்றுவிடும். கீழே தெளிய விட்டு, மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு, சப்பாத்தி மாவுப் பதம் வரும் வரை நிழலில் வைக்கவும். நம் பக்கத்து வண்டல் ரொம்ப நைசு, அப்படியே பிடித்தால் காயும்போது சுருங்கி விரிசல் விடும். அதனால் ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல், ஒரு கைப்பிடி உமி சேர்த்துப் பிசையுங்கள். வெயிலில் காயவைக்கவே கூடாது. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற ஸ்தபதிகள் மெழுகுச் சிலைமேல் பூசுவதும் இந்தக் காவிரி வண்டல்தான், அதன் நைசினால்தான் மெழுகில் உள்ள சின்னக் கோடுகூட அச்சில் விழுகிறது. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒருமுறை அங்கே ஏதாவது ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இனி தலையாட்டி பொம்மை. இரண்டு விதமாகச் செய்யலாம்.

ஒன்று முதல் மூன்று வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் சின்ன பொம்மை போதும். சமையலறையில் இருப்பதிலேயே நல்ல ஆழமான குழிக்கரண்டியை எடுத்து, உள்ளே எண்ணெய் தடவி, மண்ணை வாய்மட்டம் வரை அழுத்தி நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் காய்ந்து சுருங்கித் தானே கழன்று வரும். அதன் தட்டையான பக்கத்தின்மேல் பழைய காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒட்ட வேண்டும். கூம்பின் உயரம் கரண்டி வாய் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். தலைக்குக் கசக்கிய தாள் உருண்டை. பிள்ளை கண்டிப்பாகத் தலையையும் மண்ணில் செய்கிறேன் என்று அடம்பிடிக்கும், தடுக்காதீர்கள். மண் தலை வைத்த பொம்மை சாய்ந்தால் சாய்ந்ததுதான், எழுந்திருக்காது. அப்புறம் அதையே எடுத்துவிட்டுத் தாள் தலையை வைக்கச் சொல்லுங்கள், பொம்மை ஆடி ஆடி நிமிரும். எடை அடியில் இருக்கும்போது பொம்மையைச் சாய்த்தால் அதன் ஈர்ப்பு மையம் மேலே ஏறுகிறது, ஏறியது திரும்பக் கீழே இறங்கப் பார்க்கிறது, அதனால் பொம்மை எழுந்துகொள்கிறது. இதைப் பாடமாகச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் கையால் பார்த்துவிட்டால், பிறகு அறிவியல் வகுப்பில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெரிய பிள்ளைகள் காகிதக்கூழ் முறையில் செய்யலாம். ஒரு ரப்பர் பந்தின்மேல் ஈரமான நாளிதழ்த் துண்டுகளைப் பசையில்லாமல் ஒரு சுற்று ஒட்டவும் (இல்லையென்றால் பந்தோடு பிடித்துக்கொண்டு வராது). அதன்மேல் மைதாப் பசை தடவி ஐந்து சுற்று, ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் நடுவில் ஒரு நாள் காயவிட வேண்டும். பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுகிற பழைய வழக்கம் உண்டு, அது விஷம், பிள்ளைகள் வேலையில் வேண்டவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு நடுவில் சுற்றிவர அறுத்தால் இரண்டு கிண்ணம் கிடைக்கும். அறுப்பது பெரியவர் வேலை. அடிக் கிண்ணத்துக்குள் எடை வைக்க வேண்டும். ஈர மண்ணை அப்படியே அப்பினால் கூழ் நைந்துபோகும், மண்ணும் காய்ந்ததும் சுருங்கி உள்ளே கடகடவென்று உருளும். காய்ந்த மண் உருண்டையையோ கூழாங்கல்லையோ ஃபெவிகால் நிறைய விட்டு நட்டநடுவில் ஒட்டுங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை. மேல் கிண்ணத்தைச் செலோ டேப்பால் லேசாக ஒட்டி, தரையில் வைத்து ஆட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் எடை கூடுதல். திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு சின்ன கல்லை ஒட்டி மறுபடி பார்க்கவும். இந்த இடத்தில் பொறுமை இல்லாமல் மூடிவிட்டு, வண்ணமெல்லாம் அடித்த பிறகு ராஜா ஒருச்சாய்ந்து நிற்கிறார் என்று வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம். நேராக நின்றதும் மூட்டின்மேல் தாள் ஒட்டி, கழுத்தும் தலையும் வெறும் தாளிலேயே செய்து வைக்கவும். சாக்பீஸ் தூளை ஃபெவிகாலில் குழைத்து இரண்டு பூச்சு அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தாள் மடிப்பு மறையும். அதற்கு மேல் போஸ்டர் கலர். தஞ்சாவூர்க் கடைகளில் விற்கிற ராஜா ராணி மாதிரியேதான் வரைய வேண்டும் என்று கட்டாயமில்லை, பஸ் கண்டக்டரும் மீன்காரம்மாவும் செய்த வகுப்புகள் இன்னும் அழகாக இருக்கும்.

வகுப்பு முழுக்கச் சேர்ந்து செய்ய வேண்டுமென்றால் தொம்பைதான் என் தேர்வு. தேரிலும் கோயில் மண்டபத்திலும் உருளை உருளையாகத் தொங்குமே, அந்தத் துணி. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இதைக் கலம்காரி வேலையாகக் கையால் வரைகிறார்கள். கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றி அதையே பேனாவாக வைத்து வரைவார்கள், பிள்ளைகளுக்கும் இந்தப் பேனா செய்யக் கற்றுக்கொடுக்கலாம்.

பழைய வெள்ளை வேட்டியை இரண்டடித் துண்டுகளாகக் கிழித்து, ஒரு துண்டுக்கு நாலு பிள்ளைகள். வாழை மட்டையைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள், பிறை வடிவத்துக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். நறுக்கியதும் நீர் கசியும், துணியால் ஒற்றி எடுத்த பிறகு வண்ணத்தில் தொட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி குத்தினால் மீன் செதிள் போல வரும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ. கரை, நடுவில் பூ, மறுபடி கரை என்று பட்டை பட்டையாகக் குத்தச் சொல்லுங்கள். ஒரு துண்டைக் கடை வண்ணம் இல்லாமல் செய்து பார்க்கலாம்: மஞ்சள் தூள் கொதித்த நீரில் துணியை முக்கிக் காயவைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அதன்மேல் வரைந்தால், குச்சி போன இடமெல்லாம் செம்பழுப்பாக மாறும். எலுமிச்சைச் சாறு தொட்டால் திரும்ப மஞ்சள். பிள்ளைகள் இதை விடவே மாட்டார்கள், எலுமிச்சம்பழம் கூடவே வாங்கி வையுங்கள். மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், அதனால் இந்தத் துண்டு வகுப்பறைக்குள் தொங்கட்டும். பழைய கேபிள் ஒயரை மேலும் கீழும் வளையமாகத் தைத்தால் துணி உருளையாக நிற்கும்.

நேரம் குறைவாக இருந்தால் தென்னங்கீற்றில் கிளி, காற்றாடி, கைக்கடிகாரம். ஒரு பீரியடில் முடிந்துவிடும், ஊரில் எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் சொல்லிக்கொடுப்பார். ஆடிப்பெருக்கு நெருங்கினால் அட்டைப்பெட்டியில் சப்பரம் செய்யச் சொல்லலாம், சக்கரத்துக்குச் செருப்புக்கடை ரப்பர்த் துண்டே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மண் வேலையை எடுக்காதீர்கள். அடைமழையில் ஒரு வாரம் ஆனாலும் காயாது, காகிதக்கூழில் பூஞ்சை வேறு பிடிக்கும். அந்த மாதங்களுக்கு வாழை மட்டை அச்சை வைத்துக்கொண்டு, பொம்மையைத் தை பிறந்த பிறகு ஆரம்பியுங்கள்.