பல் எடுத்த பிறகு தாடை எலும்பைக் காப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை எந்தப் பல் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "வலி தாங்கல டாக்டர், புடுங்கிடுங்க. பல்லு கட்டுறத அப்புறம் பாத்துக்கலாம்." அந்த அப்புறம் வருவதற்குள் ஒன்றிரண்டு வருஷம் ஓடிவிடும். வீட்டில் விசேஷம் வரும்போதோ கையில் கொஞ்சம் காசு சேரும்போதோ இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் கட்டும் பல்) வைக்கலாம் என்று வருவார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எலும்பு மெலிந்துபோயிருக்கும். தாடை எலும்பைப் பற்றிய பேச்சைப் பல்லை எடுத்த பிறகு தொடங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

எலும்பு ஏன் கரைகிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் சுலபமாகப் புரியும். பல்வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு இருக்கிறது. அந்த நார் போய்ப் பிடித்துக்கொள்ளும் உள்பக்க எலும்பு, பல் இருக்கும் வரைக்கும்தான் இருக்கும். பல்லோடு நாரும், நார் வழியாக வந்த ரத்த ஓட்டமும் போய்விட்டால் அந்த எலும்பை உடம்பு கரைத்துவிடும். மேல்தாடை முன்பற்களில் உதட்டுப் பக்கச் சுவர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் பெரும்பகுதி இந்த வகை எலும்புதான் என்பதால் சுவரே காணாமல் போகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆறு மாதத்தில் அகலம் 29 முதல் 63 சதவீதமும், உயரம் 11 முதல் 22 சதவீதமும் குறைகிறது. இழப்பில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடும். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இம்பிளான்ட் வைத்து அதன் இரு பக்கமும் போதிய எலும்பு நிற்க வேண்டுமானால், ஏறத்தாழ 6, 7 மில்லிமீட்டர் அகலம் தேவை. கணக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்.

கைராசி பார்ப்பது

"அந்த டாக்டர் ரெண்டே நிமிஷத்துல புடுங்கிட்டார், கைராசிக்காரர்" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆடிப்போன பல் என்றால் சரி. உறுதியாக நிற்கும் பல்லை உதட்டுப் பக்கமாக வளைத்து இழுத்தால் அந்த மெல்லிய சுவர் பல்லோடு சேர்ந்து உடைந்து வந்துவிடும். எலும்பைக் காப்பது என்றதும் பல் எடுத்த குழிக்குள் போடும் எலும்புத் தூள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னாலேயே, பல்லை எடுக்கும் விதத்தில்தான் வேலை ஆரம்பிக்கிறது. மெல்லிய கத்தி போன்ற கருவியை வேருக்கும் எலும்புக்கும் நடுவில் விட்டு நாரை அறுப்பது, கடைவாய்ப்பல்லின் வேர்களைத் தனித்தனியாக வெட்டிப் பிரித்து எடுப்பது, முடிந்தவரை ஈறைக் கிழித்துத் தூக்காமல் இருப்பது, எடுத்தபின் குழியில் உள்ள அழுகிய சதையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது எல்லாம் இதில் சேர்த்தி. இதற்கு நேரம் பிடிக்கும். டாக்டர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டால் திறமை இல்லை என்று நினைக்காதீர்கள்.

தூளின் பெயரை வைத்து ஒப்பிடுவது

பேஷன்ட்கள் மட்டுமல்ல, பல் மருத்துவர்களில் சிலரும் இதைச் செய்கிறார்கள். எந்தக் கம்பெனி தூள் என்பதைவிட, பல்லை எடுத்ததும் குழியின் சுவர்கள் எப்படி நிற்கின்றன என்பதுதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும்.

எதுவும் போடாமல் ரத்தக்கட்டு தானாக ஆற விடுவது ஒரு வழி. சுவர் தடித்திருக்கும் கீழ்க் கடைவாய்ப்பல்லில், இரண்டு மூன்று மாதத்தில் இம்பிளான்ட் வைப்பதும் உறுதி என்றால், பல சமயம் இதுவே போதும்.

சொந்த ரத்தத்தை எடுத்து, சுழற்றும் இயந்திரத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓட்டி, கிடைக்கும் ஜெல்லி போன்ற நாரைக் குழியில் வைப்பது பி.ஆர்.எஃப். 2001-இல் பிரான்ஸில் வந்த முறை. ஈறு சீக்கிரம் ஆறும், வலி குறையும், செலவும் கட்டுப்படியாகும். ஆனால் அகலத்தைக் காப்பதற்கு இது ஒன்றை மட்டுமே நம்பச் சொன்னால் நான் யோசிப்பேன். சுவர் உடைந்த குழியில் உள்ளே ஒரு தாங்கல் வேண்டும், அந்த ஜெல்லியால் அதைத் தர முடியாது.

அந்தத் தாங்கல்தான் எலும்புத் தூளும் அதை மூட மேலே போடும் மெல்லிய படலமான மெம்பரேனும். தூள் நான்கு வழியில் கிடைக்கிறது. சொந்தத் தாடையிலிருந்து சுரண்டி எடுத்தது, இறந்தவர்கள் தானமாகத் தந்த மனித எலும்பு (மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கியிலிருந்தும் வரும்), பதப்படுத்திய மாட்டெலும்பு, கால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொருள். சொந்த எலும்பே உயர்ந்தது என்று தோன்றும். ஆனால் குழிக்குள் அது சீக்கிரம் கரைந்துவிடும், எடுக்கும் இடத்தில் இன்னொரு காயமும் ஆகும். மாட்டெலும்புத் தூள் மிக மெதுவாகக் கரைவதால் வடிவத்தை நன்றாகப் பிடித்து வைக்கும். அதே காரணத்தால் வருஷக்கணக்கில் அதன் துகள்கள் உள்ளேயே இருக்கும். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், தூள் போட்ட குழிக்கும் போடாத குழிக்கும் சராசரியாக 2 மில்லிமீட்டர் அளவுக்கு அகலத்தில் வித்தியாசம் தெரிகிறது. ஒரு தூளுக்கும் இன்னொரு தூளுக்கும் நடுவில் அவ்வளவு வித்தியாசம் கிடையாது.

தூள் எதிலிருந்து வந்தது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மெம்பரேனில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். மண்ணடியிலும் ராயபுரத்திலும் மட்டுமல்ல, எந்தத் தெருவிலும் இது ஒருவருக்கு ஒரு காரணத்தால் ஒப்பாமல் போகலாம். போட்ட பிறகு தெரிந்து மனசு சங்கடப்படுவதைவிட முன்னாலேயே செயற்கைத் தூள் கேட்பது நல்லது. டாக்டர் தானாகச் சொல்லியிருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

இன்னொரு முறை, வேரை முழுதாக எடுக்காமல் உதட்டுப் பக்கச் சீவலை மட்டும் விட்டுவைத்து, அதன் பின்னால் இம்பிளான்ட் இறக்குவது. 2010-இல் ஜெர்மன் மருத்துவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவியது. நாரும் சுவரும் அப்படியே இருப்பதால் முன்பல்லில் அழகாக அமையும். கை பழகாதவர் செய்தால் அந்தச் சீவல் ஆடும், சீழ் பிடிக்கும். நெட்டுவாக்கில் விரிசல் விட்ட வேருக்கு இது ஆகாது. வீடியோ பார்த்துவிட்டு "எனக்கும் இதையே பண்ணுங்க" என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

எலும்பு அப்படியே நிற்கும் என்று நம்புவது

தூள் போட்டாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். குறையும் அளவைத்தான் குறைக்க முடியும். பல்லை எடுத்த அன்றே இம்பிளான்ட் வைத்துவிட்டால் எலும்பு கரையாது என்பதும் பழைய நம்பிக்கைதான். இம்பிளான்டைச் சுற்றி நார் கிடையாது, அதனால் வெளிச்சுவர் தன் பாட்டுக்குக் கரையும்.

ஈறை இழுத்து இறுக்கித் தையல் போட்டு மூடினால்தான் பத்திரம் என்பதும் அப்படித்தான். இழுத்த ஈறு இடம் மாறி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள பள்ளம் சுருங்கும். திறந்தபடி விடுவதற்கென்றே உள்ள மெம்பரேன்கள் உண்டு. கண்ணாடியில் பார்க்கும்போது குழியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று அதை நோண்டி எடுத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். தொடாதீர்கள்.

தேவையில்லாத இடத்தில் செய்வது

ஞானப்பல் எடுத்த இடத்தில் பல் கட்டப்போவதில்லை, அங்கே தூள் வீண். கழற்றி மாட்டும் பல்செட்டே போதும் என்று முடிவெடுத்துவிட்ட பெரியவருக்கும் பெரும்பாலும் அவசியமில்லை. முன்பல்லில் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பல்) போடுவதாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், ஈறு உள்வாங்கிப் பல்லுக்கு மேலே நிழல் விழாமல் இருக்கும். சீழ் பொங்கி முகம் வீங்கியிருக்கும்போது அன்றைக்கே தூள் போடச் சொல்லிக் கேட்காதீர்கள்.

செலவு கட்டுப்படி ஆகாதவர்கள் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம். பல்லை எடுக்கும் முன்பே போய்க் கேட்க வேண்டும், எடுத்துவிட்டுப் போனால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும்.

மாத்திரையைச் சொல்லாமல் விடுவது

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான். எலும்புத் தேய்மானத்துக்கோ, புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்கோ சோலெட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் ஊசியோ அலெண்ட்ரோனேட் மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. சோலெட்ரானிக் ஆசிட் ஊசியை எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் போடுவார்கள். அதனால் "நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது. பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி பார்த்துக்கொண்டு போவது நல்லது. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எதுவாக இருந்தாலும் ஆறுவதைக் கெடுக்கும். பல்வலிக்கு மூக்குப்பொடி வைத்துப் பழகிய பாட்டிகள் இன்னும் காசிமேட்டில் இருக்கிறார்கள், அதுவும் புகையிலைதான்.

முதல் நாள் கொப்பளிக்கவும் துப்பவும் கூடாது, ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சக் கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். மணல் போல இரண்டு மூன்று துகள் நாக்கில் தட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம். மூன்றாம் நாளுக்கு மேல் வலி ஏறினாலோ நாற்றம் வந்தாலோ போய்க் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. தூள் போட்டபின் இம்பிளான்டுக்குப் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். வலியில்லை என்று அதையே இரண்டு வருஷம் தள்ளிப்போட்டால் காப்பாற்றிய எலும்பு மறுபடி குறையக்கூடும். இதற்கிடையில் வீடு மாறி வேறு டாக்டரிடம் போவதும் நடக்கும். உள்ளே இருப்பது மெதுவாகக் கரையும் தூளா வேகமாகக் கரையும் தூளா என்று தெரியாமல் அவரால் நாள் குறிக்க முடியாது. தூள் டப்பாவோடு பேட்ச் எண் போட்ட ஸ்டிக்கர் வரும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபைலில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.