பழைய ரவுட்டரை மாட்டும் முன்: நெட்வொர்க் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருவன், விடுதி ஒன்றில் மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டரை எடுத்துப்போய் மாட்டிவிட்டு வந்தான். மறுநாள் காலையிலேயே போன்: பாதி அறைகளில் நெட் இல்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறு. பாஸ்வேர்டை மாற்றுங்கள், கேபிளைச் சரியாகச் செருகுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதை மட்டும் சொல்வதில்லை.

ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஹெச்சிபி

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி, அதாவது தனி அடையாள எண், வேண்டும். அதைக் கொடுப்பது ரவுட்டருக்குள் ஓடும் டிஹெச்சிபி என்ற சேவை. போனோ கணினியோ உள்ளே வந்ததும் "எனக்கு முகவரி கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்கும். ரவுட்டர் முகவரியோடு, வெளியே போகும் வாசலையும் சொல்லும். அந்த வாசல்தான் கேட்வே.

பழைய ரவுட்டரிலும் டிஹெச்சிபி ஓடினால் இரண்டும் பதில் சொல்லும். பெரும்பாலும் முந்திக்கொண்ட பதில்தான் எடுபடும். பழையது "192.168.0.1, நான்தான் வாசல்" என்று சொல்லும். அதற்குப் பின்னால் இணையமே கிடையாது!

மாட்டிய அன்று எல்லாம் ஓடும், ஏற்கெனவே வாங்கிய முகவரி கையில் இருப்பதால். புதிதாகக் கேட்பவைதான் மாட்டிக்கொள்ளும். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இது புரியாமல் இரண்டு நாள் லைனைக் குறை சொன்னேன். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் நன்றாக இருந்தும் அதை மாற்றச் சொல்லி, அவர்களுக்கு வீண்செலவும் வைத்தேன். தாக்கல் செய்யும் கடைசி வாரம் அது. அந்த அலுவலகம் அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.

நெட் வராத கணினியில் கேட்வே எது என்று பாருங்கள். முதன்மை ரவுட்டரின் எண் இல்லாமல் வேறு எண் இருந்தால் திருடன் அகப்பட்டான். பழைய ரவுட்டரை மாட்டுவதற்கு முன்பே அதில் டிஹெச்சிபியை அணையுங்கள். அதன் முகவரியை முதன்மை ரவுட்டரின் வரிசைக்கு மாற்றுங்கள், அது 192.168.1.1 என்றால் இது 192.168.1.2. அந்த எண்ணை முதன்மை ரவுட்டர் வேறு யாருக்கும் கொடுக்காதபடி ஒதுக்கிவையுங்கள். முதன்மை ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைப் பழையதில் வேன் (WAN) என்ற துளையில் அல்ல, லேன் (LAN) என்ற துளையில் செருகுங்கள்.

மெகாபிட், மெகாபைட்

லைன் வேகத்தைச் சொல்வது மெகாபிட்டில் (எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட்), கோப்பின் அளவு மெகாபைட்டில். 8 பிட் ஒரு பைட் என்பதால் லைன் வேகத்தை 8-ஆல் வகுங்கள். 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது.

வைஃபை வேறு, இணையம் வேறு

வைஃபை கோடு முழுதாகத் தெரிந்தால் ரவுட்டர் வரை சரி. அவ்வளவுதான்.

தளம் திறக்கவில்லையா?

8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது. பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். லைன்காரரைக் கூப்பிடுவது அதற்கப்புறம்.